பச்சை என்று பெயர் வைத்த மஞ்சள்

மேசையில் பெயின்ட் குப்பியைத் திறந்து வைத்திருந்தேன். அதன் மேல் நான் ஒட்டிய சீட்டில் ‘மேம்படுத்திய எஞ்சின் பச்சை’ என்று எழுதியிருந்தது. மகள் சீட்டைப் படித்தாள். குப்பிக்குள் எட்டிப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

“இது மஞ்சள்ப்பா.”

“ஆமா.”

“அப்புறம் ஏன் பச்சைன்னு எழுதி வெச்சிருக்கே?”

பெயர் நான் வைத்ததில்லை. வில்லியம் ஸ்ட்ரவுட்லி காலத்தில் வந்தது. 1870 முதல் 1889இல் இறக்கும்வரை, லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் எஞ்சின்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் அவர். தன் பயணிகள் எஞ்சின்களுக்கு அவர் அடித்தது பளிச்சென்ற காவி மஞ்சள். அதற்கு வழங்கிய பெயரோ ‘இம்ப்ரூவ்ட் எஞ்சின் கிரீன்’. அவருக்கு நிறக்குருடு என்று ஒரு கதை உண்டு. இயக்குநர்கள் பச்சைக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள், மனிதர் மஞ்சளுக்குப் பச்சை என்று பெயர் வைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார் என்று இன்னொரு கதை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ரயில் எஞ்சின்களைச் சின்ன மாதிரிகளாகக் கட்டும் இந்தப் பொழுதுபோக்கே ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறோம்.

நான் மாதிரியாகக் கட்டியது அவருடைய ‘டெரியர்’ வகை எஞ்சின். டெரியர் என்பது ஒரு சின்ன நாய் வகை. மூன்று அச்சு, ஆறு சக்கரம், ஆறும் இணைப்புத் தண்டால் கோத்தவை. தண்ணீரும் நிலக்கரியும் ஏற்றிப் பின்னால் இழுத்துச் செல்லும் டெண்டர் வண்டி கிடையாது. தண்ணீர், கொதிகலனுக்கு இரு பக்கமும் உள்ள தொட்டிகளில். நிலக்கரி, ஓட்டுநர் அறைக்குப் பின்னால். 1872 முதல் 1880 வரை பிரைட்டன் பட்டறையில் இப்படி 50 எஞ்சின்கள் கட்டினார்கள். உருவம் சின்னது, குரல் மட்டும் நாய் குரைப்பதுபோல, அதனால் அந்தப் பெயர். பாரம் குறைவு என்பதே இவற்றின் ஆயுளை நீட்டியது. ஹேலிங் தீவுக்குப் போகும் பாதையில் ஒரு மரப்பாலம் இருந்தது. பெரிய எஞ்சின்களை அது தாங்காது. 1963இல் அந்தப் பாதையை மூடும்வரை டெரியர்கள்தான் அங்கே ஓடின. 50இல் 10 இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரியை வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கியிருக்கலாம்தான். என்னுடையதைவிட நன்றாகவும் ஓடும். ஆனால் வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, அதில் ஓர் எஞ்சின் இருக்கிறது என்று நம்பிக் கீறல் போடும் அந்த முதல் நாள் இருக்கிறதே, அது கடையில் கிடைக்காது.

எந்த எஞ்சின் என்று முடிவு செய்தால் போதாது, எந்த வருஷத்து எஞ்சின் என்றும் முடிவு செய்ய வேண்டும். டெரியர்களில் பலவற்றை 1911க்குப் பிறகு புதுக் கொதிகலன் வைத்து, அதன் முன்னால் உள்ள புகைப்பெட்டியை நீட்டி, ‘ஏ1எக்ஸ்’ என்று மாற்றினார்கள். புகைபோக்கி மாறிய எஞ்சின்கள் உண்டு, நிறம் நான்கைந்து முறை மாறியவை உண்டு. ஒரு படத்தைப் பார்த்து முன்பக்கத்தையும் வேறொரு படத்தைப் பார்த்துப் பின்பக்கத்தையும் செய்தால், எந்த நாளிலும் உலகத்தில் இல்லாத ஓர் எஞ்சின் கையில் இருக்கும். நான் 1880இல் கட்டிய 82ஆம் எண் ‘பாக்ஸ்ஹில்’லை எடுத்துக்கொண்டேன். அது பழைய ஏ1 வடிவில் யார்க் நகர ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதிகம் மாறாத எஞ்சின் என்றால் நான் தடுமாற இடமும் குறைவு என்ற கணக்கு.

அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது 76.2இல் ஒரு பங்கு. ஓர் அங்குலம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்றாகிவிடும். 4 அடி சக்கரம் 16 மில்லிமீட்டர், அச்சுக்கு அச்சு 6 அடி என்பது 24 மில்லிமீட்டர், 26 அடி எஞ்சின் முழுவதும் சேர்த்து 104 மில்லிமீட்டர். பென்சிலைவிடச் சின்னது.

முதல் பொய் தண்டவாளத்திலேயே வந்துவிடுகிறது. உண்மையான பாதையின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். 4 மில்லிமீட்டர் கணக்குப்படி அது 18.83 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஆனால் ‘ஓஓ’ என்று உலகம் அறிந்த தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் 4 அடி ஒன்றரை அங்குலம் வரும். எஞ்சின் கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். இதற்குக் காரணம் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடக் குறுகியவை என்பது. அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற ‘எச்ஓ’ அளவில் அந்தக் காலத்து மோட்டார்கள் அவற்றின் உடலுக்குள் நுழையவில்லை. எச்ஓவின் 16.5 மில்லிமீட்டர் பாதையை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். மோட்டார்கள் சிறுத்துப் பல காலமாகியும் அந்தச் சமரசம் அப்படியே நிற்கிறது. 18.83இல் சரியாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு. நான் 16.5இலேயே இருந்துகொண்டேன். என் மற்ற எஞ்சின்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

சரி, வேலைக்கு வருவோம். இணைப்புத் தண்டுகளை முதலில் செய்ய வேண்டும். நான் சட்டத்தை முதலில் செய்தேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எனக்கு நான்கு மாதம் போனது.

சட்டம் என்பது எஞ்சினின் முதுகெலும்பு. நெடுக நிற்கும் இரண்டு தகடுகள், அவற்றுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள், தகடுகளில் மூன்று அச்சுகளுக்கும் துளைகள். நான் பயன்படுத்தியது நிக்கல் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே ஒரு குன்றிமணிகூட வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். பித்தளையைவிடக் கொஞ்சம் விறைப்பு. பித்தளைபோல் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டு போகாது. அதனால் பற்றவைக்கும்போது சூடு வேண்டிய இடத்திலேயே நிற்கும். இரண்டு தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஈயத்தால் நாலு இடத்தில் ஒட்டி, சேர்த்தே ரம்பத்தால் அறுத்து, சேர்த்தே துளைபோட்டு, அப்புறம் சூடுகாட்டிப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும். இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

வெர்னியரில் 24, 24 என்று அளந்து சட்டத்தில் குறித்தேன். ஒரு வாரம் கழித்து அதே வெர்னியரில் 24, 24 என்று அளந்து தண்டுகளில் குறித்தேன். இரண்டு தடவையும் நான் கவனமாகத்தான் இருந்தேன். ஆனால் கீறும் ஊசி ஒரு மயிரிழை இந்தப்பக்கம் போனது, துளைபோடும்போது ஊசிமுனை ஒரு மயிரிழை அந்தப்பக்கம் நழுவியது. சக்கரங்களை மாட்டி, தண்டுகளைக் கோத்து, கண்ணாடிமேல் வைத்து விரலால் தள்ளினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு திக்கல். பூட்டில் சாவி பாதி திரும்பி நிற்குமே, அந்த மாதிரி.

விஷயம் இதுதான். அச்சுகளுக்கு இடையே சரியாக 24 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 23.9 இருந்தாலும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. சட்டமும் தண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே தவறைச் செய்தால் எஞ்சின் வெண்ணெயாக ஓடும். ஒன்று சரியாகவும் இன்னொன்று தவறாகவும் இருந்தால் ஓடாது. அதனால்தான் பழகிய கைகள் தண்டை முதலில் செய்து, அதே தண்டைச் சட்டத்தின்மேல் வைத்து, அதன் துளைகள் வழியாகவே அச்சுத் துளைகளைப் போடுகிறார்கள். அளவுகோலே தேவையில்லை.

எனக்கு அப்போது இது புத்தியில் உறைக்கவில்லை. தண்டின் துளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன். திக்கல் போனது. கூடவே எஞ்சினின் நடையும் போனது. ஒவ்வொரு சக்கரமும் தனக்குத் தோன்றிய நேரத்தில் திரும்ப, மொத்தமும் காலில் அளவு பெரிய செருப்புப் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைபோல் தடதடத்தது. ஓட்டத்தான் செய்தேன், இரண்டு வாரம். பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. சட்டம், தண்டு இரண்டையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, புதிதாகத் தண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

சக்கரங்களை அச்சில் ஏற்றும்போது இன்னொரு சங்கதி உண்டு. தண்டு பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கைதான் கிராங்க். உண்மையான எஞ்சினில் வலப்பக்கக் கிராங்கும் இடப்பக்கக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளியிருக்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையில் போய் நின்று தள்ள முடியாமல் திணறும் கணத்தில், மறுபக்கத்துப் பிஸ்டன் முழு பலத்தோடு தள்ளும். மாதிரியில் பிஸ்டன் எதையும் தள்ளவில்லை. ஒரே ஓர் அச்சை மோட்டார் திருப்புகிறது, மற்ற இரண்டையும் தண்டுகள் திருப்புகின்றன. ஆனாலும் அதே விதி இங்கும் செல்லும். 90 கொஞ்சம் பிசகி 88 ஆனாலும் பரவாயில்லை, மூன்று அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். இங்கும் தவறு ஒரே தவறாக இருந்தால் மன்னிப்பு உண்டு.

மேடுபள்ளமான தண்டவாளத்தில் ஆறு சக்கரமும் தரையில் பட வேண்டுமே! அதற்கு முக்காலியின் உத்தி. நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. பின் அச்சை அசையாமல் பொருத்திவிட்டு, முன்னும் நடுவும் உள்ள அச்சுகளின் மையத்தில் ஒரு மெல்லிய தராசுக்கோலைச் சாய்த்தேன். எஞ்சின் மூன்று புள்ளிகளில் நிற்பதாகக் கணக்கு. ஆறு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் மின்சாரமும் விட்டுப்போகாது.

மோட்டார் விஷயத்தில் கணக்குப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். டெரியர் மணிக்கு 30 மைலில் போவதாக வைத்துக்கொண்டால், 76.2இல் ஒரு பங்காக அது நொடிக்கு 176 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றில் 50 மில்லிமீட்டர் போகும். ஆக நிமிடத்துக்குச் சுமார் 210 சுற்று. என் மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்குப் பதின்மூன்றாயிரம் சுற்று வரை போகும் வகை. அதனால் 60க்கு 1 என்ற கியர். பலர் 30க்கு 1 போட்டுவிட்டு, கிளைப்பாதை எஞ்சினை அம்புபோல் பறக்கவிடுவார்கள். சின்ன எஞ்சினுக்கு அழகே அது ஊர்ந்து கிளம்புவதில்தான் இருக்கிறது.

எடைக்கணக்கு இன்னும் வேடிக்கை. நீளம் 76.2இல் ஒன்று என்றால், எடை 76.2ஐ மூன்று தடவை பெருக்கி அதில் ஒன்று. 28 டன் எஞ்சினுக்கு எத்தனை வரும் தெரியுமா? 63 கிராம். அந்த எடையில் விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும், இரண்டு பெட்டியைக்கூட இழுக்காது. அதனால் தொட்டிகளுக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் ஈயம் அடைத்து 170 கிராமுக்குக் கொண்டுவந்தேன். பாரம் நடு அச்சின்மேல் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு பென்சிலின்மேல் எஞ்சினை வைத்து முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஈயக் குண்டுகளை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் குழைத்து ஊற்றக் கூடாது, எப்பாக்ஸிதான் போட வேண்டும். வெள்ளைப் பசையோடு ஈயம் மெல்ல வினைபுரிந்து பருக்கும். பல வருஷம் கழித்து எஞ்சின் வயிறு வெடித்துத் திறக்கும். என்னுடைய பழைய சரக்குப் பெட்டி ஒன்று அப்படித்தான் உப்பிப்போய் அலமாரியில் இருக்கிறது. ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன்.

உடல் பகுதி சட்டத்தைவிட எளிது. அங்கே அசையும் உறுப்பு எதுவும் இல்லை. பற்றவைப்பதில் மட்டும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 188 பாகை செல்சியஸில் உருகும் பற்றவைப்பு ஈயம், அடுத்து 145இல் உருகுவது, கடைசியாக வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70இல் உருகுவது. வரிசையை மாற்றினால் படிக்கட்டை ஒட்டப்போய்க் கூரை கையோடு வந்துவிடும்.

இங்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. என் தகட்டின் தடிமன் 0.38 மில்லிமீட்டர். உண்மை அளவுக்குப் பெருக்கினால் 29 மில்லிமீட்டர், ஏதோ போர்க்கப்பலின் கவசம்போல. ஓட்டுநர் அறையின் சன்னல் வளைவில் அந்த விளிம்பு அப்படியே கண்ணில் படும். அதற்கேற்ற மெல்லிய தகடு போட்டால் கையில் எடுத்ததும் நசுங்கும். அதனால் விளிம்பின் உள்பக்கத்தை மட்டும் அரத்தால் சரிவாகத் தேய்த்துக் கத்திமுனைபோல் ஆக்கினேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மெல்லிய தகடு, உள்ளே கனத்த தகடு.

புகைபோக்கியைப் பற்றி ஒரு தனிப் புலம்பல். எஞ்சினுக்கு அது மூக்கு. மற்ற எல்லாம் சரியாக இருந்து அது மட்டும் அரை மில்லிமீட்டர் தடித்தால் முகமே வேறு யாருடையதோ ஆகிவிடும். என்னிடம் கடைசல் எந்திரம் இல்லை. கைத்துளைப்பானை வைஸில் இறுக்கி, அதில் பித்தளைக் கம்பியைச் சுழலவிட்டு, அரத்தால் தேய்த்துத்தான் உருவாக்கினேன். மேலே ஸ்ட்ரவுட்லிக்குப் பெயர் வாங்கித்தந்த செம்பு மூடி. அதற்கு உண்மையான செம்புக் குழாயின் ஒரு துண்டு. கஷ்டம் எல்லாம் அடியில்தான். புகைபோக்கி உருண்டையான புகைப்பெட்டிமேல் உட்காருகிறது. அதன் அடியில் விரியும் பாவாடை முன்னும் பின்னும் ஒரு மாதிரி, இடமும் வலமும் வேறு மாதிரி வளைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிய வேண்டும். கொதிகலன் குழாய்மேல் உப்புத்தாளைச் சுற்றி, அதன்மேல் புகைபோக்கியின் அடியைத் தேய்த்துத் தேய்த்து வளைவை வாங்கினேன். அப்புறம் பாவாடையை வெளிப்பக்கத்திலிருந்து வட்ட அரத்தால் மெலித்தேன். முதலாவதில் பாவாடை கிழிந்தது. இரண்டாவது, ஓரமாய்ச் சாய்ந்து நின்றது. மூன்றாவது நன்றாக வந்தது, ஆனால் சாமணத்திலிருந்து துள்ளிப் போய்விட்டது. அறை முழுக்கத் தேடினேன், இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது எஞ்சினில் இருப்பது ஐந்தாவது. நான்காவதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

நிறத்துக்கு வந்தபோது, பழைய படங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைத்தேன். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளுக்கு நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் அவற்றில் இருட்டாக விழும். தகதகவென்று நின்ற எஞ்சின் படத்தில் கரிக்கட்டையாக இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சினிலும் இருப்பது பிற்காலத்தில் ஒருவர் தேர்ந்தெடுத்து அடித்த வர்ணம்தான். அப்படியே மிகச் சரியான வர்ணம் கிடைத்தாலும் அதை மாதிரிக்கு நேராக அடிக்கக் கூடாது. திறந்தவெளியில் 26 அடி நீளத்தில் பார்க்கும் மஞ்சளும், அறைக்குள் விளக்கடியில் விரல்நீளத்தில் பார்க்கும் மஞ்சளும் ஒன்றல்ல. சின்னதில் நிறம் அழுத்தமாகத் தெரியும். நான் வெள்ளையைத் துளித்துளியாகச் சேர்த்து, பழைய தகட்டுத் துண்டுகளில் ஒன்பது மாதிரி அடித்து, பகலில் சன்னலோரமும் இரவில் விளக்கடியிலும் வைத்துப் பார்த்து, ஆறாவதை எடுத்தேன். மஞ்சள் நிறமிக்கு மறைக்கும் சக்தி குறைவு என்பதால், சாம்பல் பிரைமர்மேல் அடித்தால் சேறுபோல் தெரியும். வெள்ளை பிரைமர் போட்டு, ஏர் பிரஷ்ஷில் நான்கு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப அழகாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து இடப்பக்கத் தொட்டியில் பச்சை பூத்தது.

ஸ்ட்ரவுட்லியின் எஞ்சின்களில் வெளியேறும் நீராவியில் ஒரு பகுதியைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டுச் சூடாக்கும் ஏற்பாடு உண்டு. சூடான தண்ணீரைக் கொதிகலனுக்குள் செலுத்த, நீராவியின் விசையால் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர் சரிவராது என்பதால் பம்ப் வைத்திருந்தார். அந்த நீராவிக்குழாய் புகைப்பெட்டிப் பக்கத்திலிருந்து வளைந்து தொட்டிக்குள் போகும். அதை நான் செம்புக் கம்பியில் செய்திருந்தேன். கம்பி தொட்டியில் நுழையும் இடத்தில் பற்றவைக்கும்போது உலோகத்தைச் சுத்தமாக்கப் போட்ட பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ், நகக்கண் அளவு, உள்ளே தங்கிவிட்டது. பற்றவைத்ததும் வெந்நீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது ஆரம்பப் பாடம். கழுவினேன். அந்த மூலையில் மட்டும் பிரஷ் போகவில்லை. அமிலம் பெயின்டுக்கு அடியில் செம்பைத் தின்று, களிம்பேறி, மஞ்சளைக் கொப்புளமாக உயர்த்தி, ஒரு பச்சை மச்சமாக வெளியே வந்தது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இப்போ பச்சை வந்துருச்சு பாரு” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்தை மட்டும் சுரண்டி ஒட்டுப்போட்டால் தெரியும். மஞ்சளில் ஒட்டு மறையாது. முழு உடலையும் பெயின்ட் நீக்கியில் ஊறவைத்து, உலோகம் தெரியும்வரை உரித்து, கம்பியைப் பிடுங்கி, கழுவி, திரும்பப் பொருத்தி, மறுபடி கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மறுபடி வெள்ளை, மறுபடி நான்கு பூச்சு. இரண்டாவது முறை அடித்த மஞ்சள் முதல் முறையைவிடக் கொஞ்சம் வெளிறிப்போனது. கலவையில் எத்தனை துளி வெள்ளை என்று எழுதி வைக்கவில்லை. சீட்டில் பெயரை மட்டும் எழுதியிருந்தேன், விகிதத்தை எழுதவில்லை!

அப்புறம் கோடுகள். இந்த எஞ்சின்களின் பகட்டே அதில்தான். மஞ்சள் பரப்பைச் சுற்றி ஆலிவ் பச்சைக் கரை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை, அதன் ஓரங்களில் சிவப்பும் வெள்ளையுமாக நூல்கோடுகள். என் அளவில் ஒரு நூல்கோடு 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய வரைபடக்காரர்கள் பயன்படுத்திய, இரண்டு உலோக இதழ்களுக்கு நடுவே மை நிற்கும் பேனாவில் எனாமல் பெயின்டை ஏற்றி இழுத்தேன். பெயின்ட் நீர்த்தால் வழியும், கெட்டியானால் இறங்காது. சரியான பதம் அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் கண்ணாடித்துண்டில் ஒரு சோதனைக்கோடு போட்டுப் பார்ப்பேன். அடியில் இருப்பது அக்ரிலிக், மேலே கோடு எனாமல். அதனால் கோடு பிசகினால் டர்பன்டைனில் நனைத்த குச்சியால் துடைத்துவிடலாம், மஞ்சளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஓர் ஏற்பாடு இல்லாமல் இருந்தால் நான் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மூலை வளைவுகளை முதலில் போட்டுவிட்டு, நேர்கோடுகளை அப்புறம் போட்டு இணைத்தேன். வளைவை நேர்கோட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது கஷ்டம், நேர்கோட்டை வளைவில் சேர்ப்பது எளிது. வரைபட வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, இவ்வளவு காலம் கழித்து உதவியது. மூச்சை இழுத்துப் பிடித்து, கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையால் இழுக்க வேண்டும். ஓர் இரவுக்கு ஆறு கோடு. ஏழாவது போட ஆசை வரும். அந்த ஏழாவதுதான் எப்போதும் கெட்டுப்போகும்.

வலப்பக்கத் தொட்டியில் வெள்ளைக்கோடு ஓரிடத்தில் மட்டும் லேசாகத் தடித்திருக்கிறது. துடைத்துத் திரும்பப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைக்கிறேன்.

மேலே முழுப் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பொம்மைபோல் ஆகிவிடும். விளக்கின் பிம்பம் எஞ்சினோடு சேர்ந்து சிறுப்பதில்லையே! அதனால் பாதிப் பளபளப்பு. அதோடு நிறுத்திக்கொண்டேன். முடித்த எஞ்சினுக்கு உடனே துருவும் புழுதியும் ஏற்றிப் பழசாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. சரக்கு எஞ்சினுக்கு அது பொருந்தும். ஸ்ட்ரவுட்லி காலத்து எஞ்சின்களைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருந்தார்கள். 1878 பாரிஸ் கண்காட்சிக்கு ஒரு டெரியரைக் கொண்டுபோய்த் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள். அப்படிப்பட்ட எஞ்சின்மேல் அழுக்கைப் பூச எனக்குக் கை வரவில்லை. புகைப்பெட்டிக் கதவின் அடியில் கொஞ்சம் சாம்பல் தூள், ஓட்டுநர் அறைக்குப் பின்னாலுள்ள நிலக்கரிப் பெட்டியில் உண்மையான நிலக்கரியை நுணுக்கிப்போட்டது, அவ்வளவுதான்.

கடைசி வேலையாக ஒன்று மிச்சமிருந்தது. ஸ்ட்ரவுட்லி ஒவ்வொரு எஞ்சினையும் ஓர் ஓட்டுநரின் பொறுப்பில் விடுவார். ஓட்டுநர் அறைக்குள்ளே அந்த ஓட்டுநரின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதச் செய்வார். தன் பெயர் எழுதிய எஞ்சினை யார்தான் துடைக்காமல் விடுவார்கள்? ஓர் அங்குல எழுத்து எனக்கு 0.33 மில்லிமீட்டர். அதில் எழுத்து என்ற ஒன்றை எழுத முடியாது. நுனியில் ஒரே மயிர் மட்டும் விட்ட தூரிகையில் பொன் வர்ணத்தைத் தொட்டு, ஒரு கோடு இழுத்து, இழுக்கும்போதே கையைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். இடையில் ஒருமுறை தூக்கி வைத்தேன், முதல்பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் நடுவே இடைவெளிபோல. கூரையை மூடும்முன் மகள் வந்துவிட்டாள்.

“உள்ளே என்னமோ எழுதியிருக்கே.”

“டிரைவர் பேரு.”

“யாரு?”

“யாரும் இல்ல. சும்மா கிறுக்கினேன்.”

அவள் நம்பவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு கண்ணை மூடி, எஞ்சினை விளக்குப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

“பொய் சொல்றேப்பா,” என்றாள். “மொத எழுத்து ‘எம்’.”